மூன்று புல்லிக்குப் பாடு போட்ட கதை

1

பெரிய சக்கரம் மாட்டினால் வண்டி வேகமாகப் போகும் என்று நம்பினேன். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு யார் மூலமாவது கேள்விப்பட்டு, ‘அங்கே போயும் இவன் இப்படித்தானா’ என்று பழவேற்காடு பஸ் நிறுத்தத்தில் நின்று நீங்கள் சிரிக்க வேண்டாம்.

என் பக்கத்து நியாயத்தையும் கேளுங்கள். எங்கள் குப்பத்தில் ஐஸ் உடைக்கிற மெஷின் ஒன்று இருந்தது. ஒரு பக்கம் என் இடுப்பு உயரத்துக்கு ஒரு சக்கரம். மறுபக்கம் டீசல் எஞ்சினில் தம்மாத்தூண்டு சக்கரம். இரண்டுக்கும் நடுவில் ஒரு பெல்ட். பெரியது கம்பீரமாகச் சுற்றும், ஐஸ் பாறை பொடிப்பொடியாகும். சின்னது கடன்காரனைப் பார்த்தவன் மாதிரி பதறிக்கொண்டு சுற்றும். இதைப் பார்த்து வளர்ந்தவன் எதைப் பலசாலி என்று நினைப்பான்?

நெதர்லாந்துக்கு வந்து இருபத்திரண்டு வருடம் முடிந்த மாதத்தில் ஒரு பழைய கார் வாங்கினேன். இரண்டு கதவு, தவளை முகம். ஆனால் கம்பெனியிலேயே சூப்பர்சார்ஜர் வைத்து அனுப்பிய வண்டி. தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எஞ்சின் தானாக இழுக்கிற மூச்சு போதாது என்று அதற்குள் காற்றைத் திணிக்கிற கருவி அது. எஞ்சின் சுற்றினால் பெல்ட் ஓடும், பெல்ட் ஓடினால் அதுவும் சுற்றும். அதன் முனையில் பெல்ட் உட்காருகிற சக்கரம்தான் புல்லி. புல்லியின் அளவை மாற்றினால் உள்ளே போகிற காற்று மாறும், வண்டியின் குணமே மாறும்.

இதைப் படித்த அன்றே ஆர்டர் போட்டேன். நடுப்பாகத்தை ஒருமுறை பொருத்திவிட்டால் வெளி வளையத்தை மட்டும் ஆறு போல்ட்டில் கழற்றி மாற்றலாம் என்கிற ரகம். வளையங்கள் பல அளவில் இருந்தன. இருப்பதிலேயே பெரியது எது என்று பார்த்து அதைத் தேர்ந்தெடுத்தேன். நாம் என்ன பிச்சைக்காரர்களா?

பெட்டி வந்தது. என் மகள் கயல் பிரித்தாள். இருபத்தொரு வயது, இயந்திரப் பொறியியல் கடைசி ஆண்டு. வளையத்தைக் கையில் உருட்டிப் பார்த்தாள். வண்டியின் மூடியைத் திறந்து, உள்ளே இருந்த கம்பெனிப் புல்லியை அளந்தாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள்.

“நைனா, இதுவும் அதுவும் ஒரே சைஸ்!”

“பெருசுதானே போட்டேன்?”

“பழசு தேஞ்சுபோனவங்களுக்காக விக்கிறாங்க இத. புது புல்லி வாங்கி பழைய ஸ்பீட்லயே போலாம்.”

எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்போம். நான் என் அப்பாவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அந்தச் சொல்லைக் கேட்டு, நடக்கப் பழகிய நாளிலேயே பிடித்துக்கொண்டாள். அவளுடைய பள்ளித் தோழர்கள் என் பெயரே நைனா என்று நினைத்து, இன்றும் தெருவில் பார்த்தால் ‘ஹலோ நைனா’ என்று கையாட்டுகிறார்கள். ஆறடி உயரப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு நான் நைனா.

அவள் சிரித்து முடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்தபடி சொன்னாள்: “நீ என்னை ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போவேல்ல? கைய புடிச்சிட்டு? நீ ஒரு ஸ்டெப் வெச்சா நான் மூணு ஸ்டெப் ஓடணும். சின்னதுதான் வேகமா சுத்தும், நைனா.”

ஐஸ் மெஷின் பற்றி நாற்பது வருடமாக எனக்குப் புரியாதது அந்த நிமிடம் புரிந்தது. உண்மையில் பதறிக்கொண்டு ஓடியது குழந்தை, நிதானமாக நடந்தது நான். பெட்டியை மூடி சமையலறை அலமாரியின் மேல்தட்டில், ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தேன். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் இறக்கிக் காட்டப்படும் பொருளாக அது ஆகிவிட்டது.

2

சின்னது என்று முடிவாகிவிட்டது. எவ்வளவு சின்னது?

கடையில் மூன்று அளவு இருந்தன. கம்பெனிப் புல்லியைவிடப் பதினைந்து சதவீதம் சின்னது, பதினேழு சதவீதம் சின்னது, பத்தொன்பது சதவீதம் சின்னது. கையில் வைத்துப் பார்த்தால் மூன்றுக்கும் வித்தியாசம் ஒரு நகக்கண் அளவுகூட இல்லை. ஆனால் இணையத்தில் இதற்காக மனிதர்கள் ஒருவர் குடும்பத்தை ஒருவர் இழுத்துத் திட்டிக்கொள்கிறார்கள்.

பதினைந்து போட்டால் தினமும் ஓட்டலாம், ஒன்றும் ஆகாது. பதினேழுக்கு ஸ்பார்க் பிளக் மாற்ற வேண்டும், பெட்ரோல் உயர்ந்த ரகமாக ஊற்ற வேண்டும். பத்தொன்பது போட்டால் வண்டி பறக்கும், ஆனால் திணிக்கப்படும் காற்று கொதிக்கும், மழையில் பெல்ட் வழுக்கும், எஞ்சின் உள்ளுக்குள் ‘டக் டக்’ என்று தட்ட ஆரம்பிக்கும், தட்டினால் பிஸ்டன் உருகும். ‘பிஸ்டன் உருகும்’ என்பதை நான் ராத்திரியில் படிக்கவில்லை, நல்ல வெயிலில் மத்தியானம் படித்தேன். அப்படியும் வியர்த்தது.

கயல் பத்தொன்பது கேட்டாள். தயக்கமே இல்லை. “இன்னும் நாலு வாரத்துல நான் போயிடுவேன். போறப்ப பத்தொன்பதுலதான் போவேன்.” தெற்கே, இரண்டு மணி நேரத் தொலைவில் ஒரு ஊரில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. அறை பார்த்தாகிவிட்டது. நான்காவது சனிக்கிழமை அவளை மூட்டை முடிச்சோடு அங்கே கொண்டுபோய் விட வேண்டும், இந்த வண்டியில்.

உங்களிடம் மறைப்பானேன். வேறு எந்த விஷயத்திலும் கயல் என்னிடம் ஐந்து வாக்கியத்துக்கு மேல் பேசுவதில்லை. தமிழில் ஆரம்பிப்பாள், மூன்றாவது வாக்கியத்தில் டச்சுக்குப் போவாள், ஐந்தாவதில் செல்போனுக்குப் போய்விடுவாள். புல்லி விஷயத்தில் மட்டும் இரண்டு மணி நேரம் தமிழிலேயே சண்டை போட்டாள். நான் எந்தப் புல்லியையும் வாங்காமல் இழுத்தடித்ததற்குப் பாதிக் காரணம் பயம், பாதிக் காரணம் இது.

நான் பதினேழு கேட்டேன். கோழைகள் எப்போதும் நடுவில் உள்ளதைத்தான் கேட்பார்கள்.

என் மனைவி செல்வி பொன்னேரிப் பக்கத்து நெல் விவசாயக் குடும்பம். இங்கே முதியோர் இல்லத்தில் வேலை. காலை ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும், அந்த நேரத்தில் பஸ் கிடையாது. அவள் திரும்பியதும் அதே வண்டியை எடுத்துக்கொண்டு நான் துறைமுகக் குளிர்கிடங்குக்குப் பிற்பகல் ஷிப்டுக்குப் போவேன். வீட்டுக்கு ஒரே வண்டி. செல்வி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இன்னாங்க, எனக்குப் புல்லியும் வேணாம் கில்லியும் வேணாம். காலைல சாவியத் திருப்புனா கெளம்பணும். ஒரு நாள், ஒரே ஒரு நாள் கெளம்பலன்னு வையுங்க, அன்னிக்கு சாயங்காலமே வித்துடுவேன். கயல பஸ்ல ஏத்தி உடுவேன்.”

செல்வி சொன்னால் செய்வாள். அவளுடைய பெயருக்கு எதிரே பதினைந்து என்று நாங்களாகவே எழுதிக்கொண்டோம்.

3

பயந்தவன் நாலு பேரிடம் கேட்பான். நானும் கேட்டேன்.

தெரு முனையில் ஹென்க் என்று ஒரு மெக்கானிக். எழுபது வயது, பேச்சு குறைவு. “எதற்கு?” என்று கேட்டார். “வேகத்துக்கு” என்றேன். ஜன்னல் வழியாகத் தெருவைக் காட்டினார். முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக்கூடாது என்று பலகை. கிளம்பும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

அடுத்து இன்ஷூரன்ஸ். இந்த நாட்டில் எதை மாற்றினாலும் எழுதிக் கொடுக்க வேண்டும். வேலியின் நிறத்தை மாற்றியதற்கே நான் ஒருமுறை படிவம் நிரப்பியிருக்கிறேன். ‘வண்டியின் சக்தியில் மாற்றம் செய்ய உத்தேசமா?’ என்று ஒரு கேள்வி. ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். இரண்டுக்கும் நடுவில் கோடு போட்டு, ‘இன்னும் குடும்பத்தில் ஒத்த கருத்து ஏற்படவில்லை’ என்று எழுதி அனுப்பினேன். ஓர் அம்மையார் போன் செய்தார்.

“உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன்” என்றார். “ஒத்த கருத்து ஏற்பட்டதும் சொல்லுங்கள். அதுவரை நான் காத்திருக்கிறேன்.” அவ்வளவு மரியாதையாகச் சொன்னார். எனக்கு இன்னும் பயம் கூடிவிட்டது.

மூன்றாவது ஆள், தேசப்பன். என் மாமன் மகன். ஏரியில் இறால் பிடிக்கிறவன். வாழ்க்கையில் எந்த முடிவு எடுக்க முடியாமல் போனாலும் நான் கடைசியில் அவனுக்குத்தான் வீடியோ கால் போடுவேன். அவன் பழவேற்காட்டில், டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்து மதில் ஓரம் உட்கார்ந்து வலை பார்த்துக்கொண்டிருந்தான். பின்னால் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடு என்னைப் பார்த்தது.

இந்தக் கல்லறைகளைப் பற்றி ஒரு வார்த்தை. நானூறு வருடம் முன்பு இவர்கள் எங்கள் ஊருக்கு வந்து கோட்டை கட்டினார்கள். பதிலுக்கு நான் இவர்கள் ஊருக்கு வந்து வாடகைக்கு வீடு எடுத்தேன். கணக்கு சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. என் பிறந்த ஊர் எங்கே இருக்கிறது என்று இங்கே குடியேற்ற அலுவலகத்தில் கேட்டபோது, ‘உங்கள் தாத்தாவின் தாத்தா படுத்திருக்கிற இடம்’ என்று சொல்ல நினைத்து, பயந்து, ‘சென்னைக்கு வடக்கே’ என்றேன். போன தடவை ஊருக்குப் போனபோது கயலுக்கு பஸ்ஸில் எழுதியிருந்த பெயர்ப்பலகை படிக்க வரவில்லை. கல்லறைத் தோட்டத்துக்குள் விட்டதும் டச்சுக் கல்லெழுத்தை எல்லாம் கடகடவென்று வாசித்தாள். எங்கள் ஊரில் அவள் தடுமாறாமல் வாசித்தது அந்தக் கற்களை மட்டும்தான். தேசப்பன் வாயைப் பிளந்து நின்றான். “இத்தினி வருசமா இவுங்க இன்னா சொல்லிக்கினு படுத்துக்கினு கீறாங்கன்னே தெரியாம இருந்திச்சி மச்சான்” என்றான்.

4

“இன்னா மச்சான், மூஞ்சி ஒரு மாதிரி கீது? வேல பூடுச்சா?” என்றான் தேசப்பன்.

விஷயத்தைச் சொன்னேன். பத்து நிமிடம் பிடித்தது. கடைசிவரை பொறுமையாகக் கேட்டான்.

“ஆக, மூணு சக்கரம். மூணு பேரு. ஆளுக்கு ஒண்ணு கேக்கிறீங்க. அவ்ளோதானே?”

“அவ்வளவுதான்.”

“இதுக்கா இத்தினி பேஜாரு? பாடு போட்றா கய்தே.”

பாடு என்றால் என்ன என்று பழவேற்காட்டுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஏரியில் இறால் நன்றாக ஓடுகிற இடங்கள் கொஞ்சம்தான். எல்லாரும் ஒரே நாளில் அங்கே வலை கட்டினால் வெட்டுக்குத்துதான் நடக்கும். அதனால் முறை வைத்திருக்கிறார்கள். சீட்டு எழுதிப் போட்டு, சம்பந்தமில்லாத ஒரு கையால் எடுக்க வைப்பார்கள். வந்தது வந்ததுதான், எதிர்த்துப் பேச முடியாது.

எனக்குக் குஷி தாங்கவில்லை. மூன்று சீட்டு. ஒன்று வரும். தலைவலி தீர்ந்தது. தேசப்பன் பீடிக்கட்டுக் காகிதத்தைக் கிழித்து 15, 17, 19 என்று எழுதினான். மடித்தான். ஐஸ் பெட்டி மூடியில் போட்டுக் குலுக்கினான். அந்தப் பக்கமாக மீன் கூடையோடு போன எல்லம்மா அக்காவைக் கூப்பிட்டான்.

“யக்கா, ஒரு சீட்டு எடு.”

“யார் பாடுடா?”

“ஹாலந்துல கீறான்ல, அவன் வூட்டு காருக்கு.”

எல்லம்மா அக்கா போனுக்குள் எட்டிப் பார்த்தாள். “காருக்கா? அங்க ஏரி கீதா?” ஒரு சீட்டை எடுத்தாள். பதினைந்து.

நான் பெருமூச்சு விட்டேன். “சரி, முடிந்தது. பதினைந்து ஜெயித்துவிட்டது.”

“இன்னாது ஜெயிச்சிச்சா?” தேசப்பன் கண்ணைச் சுருக்கினான். “யக்கா, இன்னொண்ணு எடு.” பதினேழு. “இன்னொண்ணு.” பத்தொன்பது.

“எதுக்கு மிச்சத்தையும் எடுக்கிற?”

“டேய், நீ இந்த ஊர்ல பொறந்தவன்தானா? ஜெயிக்கிறதுக்கு இது லாட்டரியா? பாடு போட்டா தோத்தவன்னு ஒருத்தன் உண்டா? சீட்டு எடுக்கறது யாரு மொதல்ல, யாரு அப்புறம்னு. இன்னிக்கு உனுக்கு, நாளைக்கு அவனுக்கு, நாளன்னிக்கு இன்னொருத்தனுக்கு. மொத வாரம் பதினஞ்சு, ரெண்டாவது பதினேழு, மூணாவது பத்தொன்பது. மூணையும் ஓட்டித்தான் ஆவணும்.”

இருபத்திரண்டு வருடத்தில் எதையெல்லாமோ மறந்திருக்கிறேன், எண்ணெய்க் குளியல், மாமன் வீட்டு வாசல் எந்தத் திசை என்பது. ஆனால் பாடு முறையில் தோற்றவன் கிடையாது என்பதையுமா மறந்தேன்? நான் பரிசுச் சீட்டு என்று நினைத்து உள்ளே போய், முறையில் மாட்டிக்கொண்டேன்.

“பத்தொன்பது வேண்டாம் தேசப்பா. பிஸ்டன் உருகிடும்.”

“அது கயலோட பாடு. அவளோட வாரம் அவ இன்னா பண்ணாலும் யாரும் வாயத் தொறக்கக்கூடாது. வல கட்டலாம், கட்டாம உடலாம், தன்னோட பாட்ட வேற ஒருத்தருக்கு விட்டும் குடுக்கலாம். குடுன்னு கேக்கற ரைட்டு மட்டும் யாருக்கும் கெடையாது. உனுக்கும்தான். புரிஞ்சிச்சா?”

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த கயல் என் தோள்மேல் கை போட்டாள். “தேசப்பன் மாமா சூப்பர்!” என்று கத்தினாள். மூன்று வளையங்கள், இரண்டு அளவு பெல்ட், ஒரு செட் ஸ்பார்க் பிளக் அன்றே ஆர்டர் ஆயிற்று. இன்ஷூரன்ஸ் அம்மையாருக்கு, ‘ஒத்த கருத்து ஏற்பட்டுவிட்டது, வாரத்துக்கு ஒன்று’ என்று எழுதினேன். நான்கு நாள் கழித்து பதில் வந்தது: ‘பெரும்பாலும் பொருத்தப்பட்டிருக்கும் புல்லி எது என்பதைத் தெரிவிக்கவும்.’ யோசித்துச் சொல்கிறேன் என்று அதற்கு ஒரு பதில் போட்டேன்.

5

முதல் வாரம் செல்வியின் பாடு. ஞாயிறு மத்தியானம் கயலும் நானும் வீட்டு முன்னால் வண்டியை நிறுத்தி, மூடியைத் திறந்து, நடுப்பாகத்தைப் பொருத்தி, பதினைந்தை மாட்டினோம். பெல்ட்டை ஏற்றும்போது என் விரல் நசுங்கியது. கயல் சிரித்தாள். நான் கத்தினேன். எதிர் வீட்டுக்காரர் வெளியே வந்து கவலையோடு நின்றார். மூன்று மணி நேரம். அவள் ஒரு தடவைகூட போனை எடுக்கவில்லை. நான் கவனித்தேன்.

அந்த வாரம் ஒன்றுமே நடக்கவில்லை. செல்வி காலையில் கிளம்பினாள், திரும்பி வந்தாள்.

“எப்படி இருக்கு?”

“இருக்குது.”

“வித்தியாசம்?”

“தெரியல.”

வெள்ளிக்கிழமை ஓர் உறை வந்தது. செல்வி பெயருக்கு. ஊருக்கு வெளியே நேர்ச்சாலையில் வேகத்துக்காக அவளைக் கேமரா படம் பிடித்திருந்தது. இருபது வருட ஓட்டுநர் வாழ்க்கையில் முதல் கடிதம். செல்வி அதைப் படித்து, மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டு, “லாரி ஒண்ணு குறுக்க நின்னுச்சி. தாண்டிப் போனேன். சும்மா ஒரு அழுத்து அழுத்துனேன்” என்றாள். பிறகு பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே இருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

6

இரண்டாவது வாரம் என் பாடு. பதினேழு.

திங்கள் பிற்பகல் வேலைக்குக் கிளம்பினேன். நெடுஞ்சாலையில் ஏறி ஐந்தாவது நிமிடம் கேட்டது. டக். டக் டக். வண்டி மேட்டில் ஏறினால் கூடியது. பிரேக் போட்டால் வேகமாகத் தட்டியது. பிஸ்டன்! ஓரமாக நிறுத்தி, அபாய விளக்கைப் போட்டு, மஞ்சள் சட்டை மாட்டிக்கொண்டு, தடுப்புக்கு அந்தப் பக்கம் போய்ப் புல்லில் நின்றேன். எஞ்சின் வெடிக்கும் என்று எதிர்பார்த்து இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டேன். உதவி வண்டி வந்தது. அதை ஓட்டிவந்த பெண் எஞ்சினைப் பத்து நிமிடம் கேட்டாள். பிறகு கதவைத் திறந்து, கதவுப் பையிலிருந்து என் டிபன் பாக்ஸை எடுத்தாள். அதன்மேல் என் எவர்சில்வர் ஸ்பூன். கையில் பிடித்து ஆட்டினாள். டக். டக் டக்.

“உங்கள் எஞ்சின் நன்றாக இருக்கிறது” என்றாள். “மதியம் என்ன சாப்பாடு?”

“இறால் தொக்கு” என்றேன்.

மறுநாளிலிருந்து சைக்கிளில் வேலைக்குப் போனேன். எதிர்க்காற்று, தூறல், பதினோரு கிலோமீட்டர். வீட்டில் கேட்டதற்கு டாக்டர் உடற்பயிற்சி செய்யச் சொன்னார் என்றேன். என் பாடு வாரத்தில் என் புல்லியை ஓட்டியது செல்விதான், காலை ஆறு மணிக்கு, கவலையே இல்லாமல்.

தேசப்பன் தினமும் கூப்பிட்டான். “இன்னா, பதினேழு இன்னா சொல்லுது?”

“சக்தி வாய்ந்தது” என்றேன், நனைந்த சாக்ஸைப் பிழிந்தபடி.

“அப்புறம் ஏன் தலையெல்லாம் ஈரம்?”

“ஜன்னலைத் திறந்து வைத்து ஓட்டினேன்.”

வியாழக்கிழமை காலை நல்ல மழை. செல்வி வண்டியை வாசலிலிருந்து எடுக்கும்போது பெல்ட் ‘கிரீச்ச்ச்’ என்று கத்தியது. தெருவே விழித்துக்கொண்டிருக்கும். நான் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டேன். பிறகு தண்ணீர் குடிக்க எழுந்தபோது கூடத்து ஜன்னலில் கயல் நின்றிருந்தாள், இரவு உடையோடு. அம்மாவின் வண்டி தெரு முனையில் திரும்புகிறவரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

“பெல்ட் வழுக்குது” என்றாள். என்னிடம் சொன்னாளா, ஜன்னலிடம் சொன்னாளா என்று தெரியவில்லை.

7

மூன்றாவது ஞாயிறு. கயலின் பாடு. “அரை ஐந்துக்கு ஆரம்பிக்கலாம்” என்று டச்சில் சொல்லிவிட்டுப் போனாள். இவர்கள் ஊரில் அரை ஐந்து என்றால் நாலரை. இருபத்திரண்டு வருடம் ஆகிறது, குடியுரிமைப் பரீட்சை எழுதிப் பாஸ் செய்திருக்கிறேன், இன்னமும் என் மூளை அதை ஐந்தரை என்றே எடுத்துக்கொள்கிறது. பல் டாக்டர், வங்கி, கயலின் பள்ளி விழா என்று எல்லா இடத்துக்கும் ஒரு மணி நேரம் தாமதமாகவே போயிருக்கிறேன். அன்றும் கடைக்குப் போய் நிதானமாகத் திரும்பினால், வண்டியின் மூடி சாத்தியிருந்தது. கயல் கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“முடிச்சிட்டேன், நைனா.”

“தனியாகவா?”

“நீ ஸ்லோ.”

கடைசி ஞாயிறு அது. கூட நின்று மாட்ட வேண்டும் என்று நினைத்திருந்தேன். சொல்லவில்லை. அவளுடைய வாரத்தில் யாரும் வாய் திறக்கக்கூடாது.

அந்த வாரம் முழுக்க நான் சைக்கிள். பத்தொன்பதை நெருங்கவே இல்லை, வாசலில் நிற்கும்போதுகூட சுற்றிக்கொண்டு போனேன். “இது அமைதியா இருக்கே” என்றாள் செல்வி. “கத்தவே இல்ல.” நான் விளக்கினேன்: பத்தொன்பது என்றால் சும்மா கத்தாது, அதன் சக்தி எல்லாம் உள்ளே இருக்கும், அதுதான் ஆபத்து. செல்வி என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போனாள்.

சனிக்கிழமை கிளம்பினோம். பின்னால் செல்வி, மடியில் அரிசி மூட்டை, காலடியில் மிக்ஸி. முன்னால் நான். கயல் ஓட்டினாள். மழை. நெடுஞ்சாலையில் ஏறியதும் அவள் ஒரு லாரியைத் தாண்டினாள். என் முதுகு சீட்டில் ஒட்டிக்கொண்டது.

“ஐயோ! பாத்தியா! என்ன இழுப்பு! இதுதான் பத்தொன்பது!” என்று கத்தினேன். ஒரு கையால் மேல்பிடியைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் டாஷ்போர்டைத் தட்டினேன். “பதினேழுக்கும் இதுக்கும் மலைக்கும் மடுவுக்கும்! கயல், மெதுவா. கயல், இன்னும் கொஞ்சம் அழுத்து. வேணாம், வேணாம். அம்மாடி!”

ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தியபோது வண்டியின் மூக்கில் கை வைத்து, பக்கத்தில் நின்ற அறிமுகமில்லாத மனிதரிடம், “பத்தொன்பது சதவீதம்” என்று சொன்னேன். அவர் பணிவாகத் தலையசைத்தார். கயல் ஸ்டியரிங் மேல் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். பிரியப்போகிற வருத்தம் என்று நினைத்து, தட்டிக்கொடுத்தேன்.

அவளுடைய அறை மூன்றாவது மாடி. அரிசியை ஏற்றினோம். மிக்ஸியை வைத்தோம். செல்வி குளிர்சாதனப் பெட்டியைத் துடைத்தாள். கிளம்பும்போது கயல் என் கையைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டு இறங்கி வந்தாள். நான் ஒரு படி இறங்க, அவளும் ஒரே படிதான் இறங்கினாள்.

“பெட்டியப் பாரு, நைனா. வீட்டுக்குப் போயி” என்றாள்.

என்ன பெட்டி என்று கேட்பதற்குள் செல்வி அழ ஆரம்பித்துவிட்டாள், பிறகு நான், பிறகு எல்லாரும்.

திரும்பும்போது செல்வி ஓட்டினாள். நான் வழி முழுக்க காதைத் தீட்டிக்கொண்டு வந்தேன். ஒரு தட்டல் இல்லை. வீட்டுக்கு வந்து, சட்டை மாற்றுவதற்கு முன் சமையலறை அலமாரியின் மேல்தட்டிலிருந்து பெட்டியை இறக்கினேன். திறந்தேன். உள்ளே பதினைந்து, பதினேழு, பத்தொன்பது மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக, எண்ணெய் துடைத்து அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. பத்தொன்பது இன்னும் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே இருந்தது. பெரிய வளையத்தைக் காணோம்.

போன் செய்தேன்.

“எல்லாத்தையும் கழட்டிட்டியா?”

“ம். பெல்ட், பிளக் எல்லாம் பழையபடி.”

“பத்தொன்பது கேட்டியே!”

“கேட்டேன். ஆனா நான் இங்க இருக்கேன். மழைல பெல்ட் வழுக்குனா ஆறு மணிக்கு யாரு பாப்பாங்க? நீ சைக்கிள்ல போவ. என் பாடு, நைனா. அம்மாக்கு விட்டுக் குடுத்துட்டேன். நீ ஒண்ணும் கேக்கக் கூடாது.”

கேட்கவில்லை. நான் பயந்துதான் சைக்கிளில் போனேன் என்று அவளுக்கு எப்படித் தெரியும் என்றுகூடக் கேட்கவில்லை. தேசப்பனைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவன் சிரித்த சிரிப்பில் கல்லறை மதில்மேல் உட்கார்ந்திருந்த காக்கா எல்லாம் பறந்தது. “யக்கா, இங்க வா, கேளு” என்று எல்லம்மா அக்காவைக் கூப்பிட்டான். நான் போனை வைத்துவிட்டேன்.

இன்ஷூரன்ஸ் அம்மையாருக்கு எழுதினேன்: பெரும்பாலும் பொருத்தப்பட்டிருக்கும் புல்லி, கம்பெனி அளவு. மாற்றம் எதுவும் இல்லை.

திங்கட்கிழமை காலை ஆறு மணி. மழை. செல்வி சாவியைத் திருப்பினாள். நான் முட்டாள்தனமாக முதலில் வாங்கிய அந்தப் பெரிய புல்லி சுற்றியது. வண்டி கிளம்பியது.